கவலை ஒழிந்த பஞ்சாயத்து

முள்ளங்காவு பஞ்சாயத்து எழுத்தறியாமையை எப்போதோ ஒழித்துவிட்டது. பிறகு கொசுவையும் ஒழித்ததாகப் பிரகடனம் செய்தது, கொசுவுக்குத் தகவல் சொல்லாமலே. மிச்சமிருந்தது கவலை. அதையும் வரும் வெள்ளிக்கிழமை அமைச்சரின் திருக்கரங்களால் ஒழித்துவிடுவதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பொறுப்பு லிஜியின் தலையில் விழுந்தது. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து, மனநலப் பணியாளராக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். "இதைச் சாதிச்சுக் காட்டு, உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றிருந்தார் தலைவர் சசாங்கன்.

வீடுவீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் கவலை இருந்தது. ஊர் மானம் கருதி எல்லோரும் மறைத்தார்கள். தனியாக வாழ்ந்த கிழவர் ஔதக்குட்டி மட்டும் மறைக்கவில்லை.

"பேச ஆளில்ல மோளே. மகன்க ரெண்டு பேரும் துபாய்ல. சுவரோடதான் பேச்சு. அதுக்கும் இப்ப சலிச்சுப் போச்சு."

சசாங்கன் ஓடி வந்தார். "சேட்டா, வெள்ளிக்கிழமை வரைக்கும் சந்தோஷமா இருங்க. சனிக்கிழமை உங்க இஷ்டம்!"

எதிர்க்கட்சிப் பவுலோஸ் பின்னாலேயே வந்தார். "விட்டுக் கொடுக்காதீங்க சேட்டா! கவலைப்படறது உங்க உரிமை!"

ஔதக்குட்டியின் முற்றத்தில் பந்தல் எழுந்தது. பவுலோஸின் கவலை பாதுகாப்புக் குழு ஒருபுறம் உட்கார்ந்தது. அவரைச் சிரிக்க வைக்க ஆளுங்கட்சி ஆட்கள் மறுபுறம் உட்கார்ந்தார்கள். நடுவில் கட்டன்சாயா, பழம்பொரி, சீட்டாட்டம். வியாழக்கிழமை ஔதக்குட்டி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"சேட்டா, சிரிக்காதீங்க. போராட்டத்துக்கே அவமானம்" என்றார் பவுலோஸ்.

"நீ சீட்டுப் போடற அழகுக்கு அழவாடா முடியும்?"

வெள்ளிக்கிழமை அமைச்சர் கவலையை ஒழித்தார். கைதட்டல் அடங்கியதும் பஞ்சாயத்துச் செயலாளர் எழுந்தார். "கவலை முற்றிலும் ஒழிக்கப்பட்டபடியால், மனநலப் பணியாளர் பதவி இன்று மாலையிலிருந்து தேவையற்றதாகிறது" என்று கம்பீரமாக வாசித்தார். சசாங்கன் பழக்க தோஷத்தில் முதலில் கைதட்டினார்.

பூச்செண்டும் கையுமாக மேடையில் நின்ற லிஜிக்குக் கண் நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் ஔதக்குட்டி எழுந்தார். "மந்திரி சாரே, இந்தப் பொண்ணு அழறாளே! அப்ப ஊர்ல கவலை ஒழியலியே?"

மேடை திகைத்தது. செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒருவருக்குக் கவலை இருந்தாலும் பிரகடனம் செல்லாது. பிரகடனம் செல்லாவிட்டால் பதவி உண்டு. பதவி இருந்தால் அவளுக்குக் கவலை இல்லை. கவலை இல்லாவிட்டால் பிரகடனம் செல்லும். அதற்குமேல் யோசிக்க அவருக்கு அதிகாரமில்லை. அமைச்சர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரில் ஏறினார். பிரகடனம் ஒத்திவைக்கப்பட்டது, பதவி தப்பியது.

மாலையில் ஔதக்குட்டியின் பந்தலில் லிஜி கவலை கேட்க உட்கார்ந்தாள்; நிற்க இடமில்லை. சசாங்கன் அவள் அருகில் குனிந்தார்.

"மந்திரி கோவிச்சுக்கிட்டார் மோளே. எனக்கு நெஞ்செல்லாம் படபடன்னு அடிக்குது."

"வரிசையில வாய்யா! உனக்கு முன்னாடியே எனக்குக் கவலை. ஒரு போராட்டமே கைநழுவிப் போச்சு!" என்றார் பவுலோஸ்.

அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. ஔதக்குட்டி எல்லோருக்கும் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தள்ளாதீங்க, எல்லாரையும் பாக்கறேன்" என்றாள் லிஜி. "ஆனா யாரும் அவசரப்பட்டுக் குணமாயிடாதீங்க. நான் ரிட்டயர் ஆக இன்னும் நிறைய வருஷம் இருக்கு."