நடு ஓட்டையில் விழுந்த விபூதி

பழனியாண்டவர் துணை

கரடியூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி அன்பழகனுக்கு அக்கா புஷ்பலதா எழுதுவது. நீயும் உன் குடும்பமும் ஓசூரில் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் மாமா காதுக்குத் தப்பாது என்பதால் எழுதி, ஓசூர் பஸ் ஏறும் எதிர் ஊட்டு சிவசக்தி கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன்மேல் குறை சொல்லவில்லை சாமி, ஆனால் நீ தீபாவளிக்கு எங்கள் காருக்கு வாங்கித் தந்த சிந்தெடிக் இஞ்சின் ஆயிலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆயிலோடு ஃபில்டரையும் மாத்துங்க என்று நீ சொன்னாய். என் மகள் கவிப்பிரியாவுக்கு மாசம் ஒன்பது. வெள்ளிக்கிழமை சேலம் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டும். நடுவழியில் வண்டி நின்றால் அந்தக் கொண்டை ஊசி வளைவில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவேன்? ஆகவே ஃபில்டர் வாங்க நானே போனேன். உன் மாமா, இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கு, எல்லாம் டப்பாவுக்குள் காகிதம்தானே என்றார். கடைக்காரம்மா தேவகுமாரியிடம் சிந்தெடிக் ஆயிலுக்கென்று தனி ஃபில்டர் உண்டா என்று விசாரித்தேன். முதலில் வண்டிக்குப் பொருந்த வேண்டும், பிறகு அந்த ஆயிலை நொம்ப நாள் மாத்தாமல் ஓட்டுவீர்கள், அத்தனை நாளும் அழுக்கைப் பிடித்துத் தாங்குகிற ஃபில்டராக வேண்டும், சாதாவானால் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் நல்லதையே வாங்கி ஊட்டுக் கணக்கு நோட்டிலும் விலையை எழுதிவிட்டேன். உன் மாமா அந்த வரியைப் படித்துவிட்டு அன்று சாப்பாட்டில் ரசம் கேட்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். ஊட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் சாமி முன்னால் வைத்துத்தானே எடுப்போம்? ஃபில்டருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். வெளியே வைத்த பொட்டு மழையில் கரைந்துவிடும், உள்ளே போட்டால் நிற்கும் என்று தோன்றியது. ஓட்டைப் பக்கத்தை மேலே வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டு, பழனி விபூதி ஒரு சிட்டிகை உள்ளே போட்டேன். மறுநாள் நான் கவிப்பிரியாவோடு உள்ளூரில் செக்கப்புக்குப் போயிருந்த நேரத்தில் மெக்கானிக் கருப்பண்ணன் வந்து ஆயிலும் ஃபில்டரும் மாத்திவிட்டுப் போனதாக உன் மாமா சொன்னார். எனக்கும் நிம்மதி.

அப்புறம் ஒருநாள் கருப்பண்ணன் காப்பி குடிக்க உக்காந்தப்போ, சும்மா கேக்கறாப்புல கேட்டேன், ஏனுங்க, அந்த ஃபில்டர்ல எதுக்கு அத்தனை ஓட்டைன்னு. "சுத்தி இருக்கற சின்ன ஓட்டை வழியா அழுக்கு ஆயில் உள்ள போகுதுங்க. அங்க எது விழுந்தாலும் காகிதம் புடிச்சுக்கும். நடுவுல இருக்கற பெரிய ஓட்டை இஞ்சினுக்குப் போற வழி. அதுல ஒரு பொடி விழுந்தாலும் வெனைதானுங்க"ன்னார். ஊட்டுக் கணக்குல ஒரு பைசா பிசகாத எனக்கு எந்த ஓட்டையில போட்டேன்னு மட்டும் நெனப்பு வரலை. ஆனா நீயே சொல்லு, சாமி காரியத்தை ஓரமா செய்ய மனசு வருமா? நடுவுலதான் போட்டிருப்பேன்.

அதுலருந்து மாமா வண்டி எடுத்தா நானும் கூட ஏறிக்கறேன். டர்ருங்குது, கொர்ருங்குது, எல்லாம் எனக்கு விபூதியாத்தான் கேக்குது. இஞ்சின் சத்தத்தை விட உன் மூச்சு சத்தம்தான் பெருசா இருக்குன்னு மாமா நக்கலடிக்கறார். கவிப்பிரியா, பிரசவம் எனக்கா உனக்காம்மான்னு கேக்கறா. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பயந்துக்கறேன், நீ பேசாம இரு கண்ணுன்னேன். சாமிகிட்ட முறையிடலாம்னா, அவரோட விபூதிகிட்டருந்தே காப்பாத்துன்னு எந்த வாயால கேக்கறது? மாமாகிட்ட சொன்னா, வெல கொடுத்து வாங்கினதுமில்லாம சாம்பலும் போட்டியான்னு பேரன் காது குத்து வரைக்கும் சொல்லுவார்.

அதனால நீயே போன் பண்ணி, உனக்காத் தோணினாப்புல மாமாகிட்ட சொல்லு: பழைய ஆயில்ல ஓடின வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தினா உள்ள படிஞ்ச அழுக்கு கழண்டு வரும், அதனால வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஆயிலை இறக்கிட்டு ஃபில்டரை இன்னொரு தடவை மாத்திருங்க மாமான்னு. நீ சொன்னா கேப்பார்.

உன் பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர, பழனியாண்டவர் உன் வாசலைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
புஷ்பலதா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உன் மாமா வந்து, ஒரு சமாச்சாரம் சொல்றேன், கத்தாதேன்னார். நான் வாங்கின ஃபில்டரை அன்னைக்கே பொட்டைத் துடைச்சுட்டுக் கடையில திருப்பிக் குடுத்து, சாதா ஃபில்டரைத்தான் மாட்டினாராம். நம்ம கார்ல விபூதியே இல்லை. உக்காந்து அழுதுட்டேன். நான் பயப்படறதைப் பாத்தா வளைவுல தனக்குக் கை நடுங்குதுன்னு, வெள்ளிக்கிழமைக்கு மஞ்சக்குட்டை வேடியப்பனோட வாடகை காரைச் சொல்லி வெச்சிருக்காராம். நம்ம கார் மாதிரியே, நல்ல கண்டிஷனாம். நாம திருப்பிக் குடுத்த ஃபில்டரை அவர்தான் வாங்கி மாட்டியிருக்காராம்.

ஆகவே மாமாவுக்குப் பேச வேண்டாம். வேடியப்பன் நம்பர் பின்பக்கம் இருக்குது, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஃபில்டரை மாத்தணும்னு அவர்கிட்ட அதையே சொல்லு. யாருன்னு கேட்டா ஆயில் கம்பெனின்னு சொல்லிரு. பொய் சொன்னதுக்கு முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்.