மயில் சட்டைக் கொலை வழக்கு

கொலைகாரர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. செய்வதைச் செய்துவிட்டு மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்களே, அந்த நிதானம் எல்லோருக்கும் வராது. நான் ஆட்டு ரத்தத்தை ஒரு சட்டையில் ஊற்றியதற்கே சோறு இறங்காமல் கிடந்தவன்.

எனக்கு இரண்டு பிழைப்பு. பகலில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தடயவியல் ஆய்வுக்கூடத்தில் ரத்தக்கறைகளோடு மல்லுக்கட்டுவது. விடியற்காலையில், மனைவி சாந்தி எழுமுன், குற்ற நாவல் எழுதுவது. என் நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் ஒற்றை முடியைப் பார்த்தே கொலைகாரனின் ஊரைச் சொல்லிவிடுவார். (எனக்கு என் கார் சாவி எங்கே என்பதையே சாந்திதான் சொல்ல வேண்டும்.)

அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையில், ஒரு காலத்தில் ரப்பர் தகடுகளை உலர்த்திய, பாழடைந்த புகைக்கூடம் ஒன்றில் ரத்தச் சட்டை தொங்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் சட்டைகள் காகிதப் பைக்குள் காய்ந்து மடங்கித்தான் வரும். மழைச் சாரலில் தொங்கினால் எப்படி இருக்கும்? முதலில் ஈ வருமா, எறும்பு வருமா? கற்பனை செய்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நான் விஞ்ஞானியாயிற்றே!

சட்டைக்குப் பஞ்சமில்லை. சாந்தி தீபாவளிக்கு வாங்கித் தந்தது இருந்தது. கடுகு மஞ்சள் நிறம், நெஞ்சு முழுக்கத் தோகை விரித்த மயில். போட்டால் கல்யாண மண்டப வாசல் வளைவு எழுந்து நடப்பதுபோல் இருப்பேன். தமிழ் இலக்கியத்துக்காக அதைத் தியாகம் செய்தேன்.

குனோங் ராபாட்டில் வழக்கமாக வாங்கும் ஆட்டுக்கறிக் கடையில் ரத்தம் கேட்டேன்.

"பொரியலுக்கா அண்ணே? அண்ணிக்குப் புடிக்காதே?"

"எனக்குத்தான் லா," என்றேன். நெற்றி வியர்த்துவிட்டது. என் முதல் பொய் வாக்குமூலம்.

தெலுக் இந்தான் பக்கம், சாந்தியின் தம்பி குமார் இருக்கும் இடத்துக்கு அருகில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இன்று எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. புகைக்கூடம் மட்டும் இடியாமல் நிற்கிறது. குமாருக்குக்கூடச் சொல்லாமல் போனேன். கதவின் துருப்பிடித்த தகரம் விரலைக் கிழித்தது. கைக்குக் கிடைத்த துணியில் துடைத்துக்கொண்டு, ரத்தத்தை ஊற்றி, சட்டையை உத்தரத்தில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகத் திட்டம்.

ஞாயிறு வருவதற்குள் குமாரின் குரல் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. "மச்சான், நம்ம பழைய புகைக்கூடத்துல எவனையோ போட்டுட்டானுங்க லா! ஆளக் காணோம், சட்டை மட்டும் தொங்குது. போலிஸ் நாய்லாம் வந்துருச்சு!" கூடவே படம்.

சாந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏங்க, இந்த மயிலு நம்ம மயிலு மாதிரியே இல்ல?"

"அது எல்லாக் கடையிலயும் இருக்கு."

"உங்களோடது எங்க?"

"அயர்ன் பண்ணக் குடுத்திருக்கேன்." இரண்டாவது பொய்.

உடனே போலிசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. அரசாங்க வேலை, போலிசை அலையவிட்டது தெரிந்தால் போய்விடும். பேசாமல் இருந்தால்? சட்டை எங்கள் கூடத்துக்குத்தான் வரும். சோதனையில் ஆடு என்று தெரியும். வழக்கை மூடிவிடுவார்கள்.

வந்தது. என் பக்கத்து மேசை ரேவதியிடம்.

அவள் கறையைப் பஞ்சில் ஒற்றி மருந்து விட்டாள். பஞ்சு இளஞ்சிவப்பானது, ரத்தம்தான். ஆட்டு ரத்தமும் அப்படித்தான் ஆகும் என்று மனதைத் தேற்றினேன். அடுத்தது மனித ரத்தமா என்று பார்க்கும் சின்ன அட்டை. கர்ப்பம் பார்க்கும் அட்டையின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு என்றால் மனிதன் இல்லை; இரண்டு கோடு என்றால் மனிதன். என் மகள் பிறப்பதற்குமுன் இரண்டாவது கோட்டுக்காக வேண்டிக்கொண்ட அதே முருகனிடம், இப்போது அது வரவே கூடாது என்று மன்றாடினேன்.

கோடு வந்தது.

"அண்ணே! ஓரத்துல எடுத்த கறை மனுசன்தான்!" ரேவதிக்கு ஒரே உற்சாகம்.

ஆட்டுக்குள் மனிதன் எப்படி வந்தான்? குனிந்து என் விரல் பிளாஸ்டரைப் பார்த்தேன். அன்று கைக்குக் கிடைத்த துணி எது என்பது அப்போதுதான் உறைத்தது.

"டிஎன்ஏவுக்கு அனுப்பிடுறேன்," என்றாள். ஊழியர் யாராவது தும்மி மாதிரியைக் கெடுத்தால் கண்டுபிடிக்க, எங்கள் எல்லோருடைய டிஎன்ஏ விவரமும் கணினியில் இருக்கிறது. அனுப்பினால் திரையில் என் பெயர்தான் வரும்.

"ரேவதி, அது நான்."

"எது அண்ணே?"

"செத்தவன்."

அவள் எனக்கு முதலில் ஒரு நாற்காலியைத்தான் எடுத்துப் போட்டாள். பிறகு மேலதிகாரியிடம் போனோம். அந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது, வேலை தப்பியது. போலிஸ் நிலையத்தில் என்னைச் சந்தேக நபர் என்று எழுதுவதா, பலியானவர் என்று எழுதுவதா என்று தெரியாமல் பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

சாந்திக்குக் கொலை ஒரு விஷயமே இல்லை. "புடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். மறுவாரம் அதே கடையில் அதே மயிலை வாங்கி வந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இதற்கிடையில் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி, செத்தவன் ஆவி அலையக்கூடாது என்று புகைக்கூட வாசலில் ஒரு கல்லை நட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பெயரும் சூட்டிவிட்டார்: சட்டைக்கார முனி. சாகவே இல்லை, இதோ நிற்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நட்டது நட்டதுதான் லா தம்பி. சாமிய எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியுமா?"

இன்றும் ஆண்டுதோறும் திருவிழாவன்று அங்கே கோழி, சுருட்டு, பீர் எல்லாம் படைக்கிறார்கள். சாந்தியின் உத்தரவுப்படி நான் மயில் சட்டையோடு போய் நிற்கிறேன். சுருட்டுப் புகைக்கு நடுவே, ஊரே கேட்கும்படி குமார் கத்துவான்:

"மச்சான், அந்த பீரு உங்களுக்கு வச்சதுதான். கும்புட்டுட்டு எடுத்துக்குங்க!"