பாஸ் ஆகாத வெளிச்சம்

ஆபத்துக்கு உதவும் என்று ஒரு சாமானை வாங்கி வைத்து, பிறகு அந்தச் சாமானுக்கே ஓர் ஆபத்தும் வராமல் காப்பாற்றுவதில் ஆயுளைக் கழிக்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. தயார்நிலைத் தம்பிரான்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். மழைக்காலத்தில் குடையில்லாமல் வாசற்படி இறங்கமாட்டார்கள். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்குவார்கள். தேள்கடிக்கு மருந்து வைத்திருப்பார்கள். டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், பூட்டி. சாவி கிடைப்பதற்குள் விஷம் தானாகவே இறங்கிவிடும்.

உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில் தெருவில் இந்த இனத்தின் தலைமைப் பீடத்தை அலங்கரித்தவர் சுந்தரவரதன்.

மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பிளேன் ஓட்டினவர் என்று ஊரில் பேச்சு. அவராகச் சொன்னதில்லை, யாராவது சொன்னால் மறுத்ததுமில்லை. உண்மையில் அவர் பார்த்தது டார்ச்சு லைட் உத்தியோகம். ஆகாயத்தில் போகும்போது விளக்கெல்லாம் அணைந்துபோனால் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு விமானத்திலும் ஒரு எமர்ஜென்ஸி டார்ச் உண்டு. அதன் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். அவருடைய சர்வீஸில் ஒரு விமானத்திலும் ஒரு டார்ச்சையும் யாரும் எடுக்க நேரவில்லை. அது பயணிகள் செய்த புண்ணியம். சுந்தரவரதனோ, அது தம்முடைய பரிசோதனையின் மகிமை என்று நம்பினார்.

பிரிவுபசாரத்தின்போது நண்பர்கள் ஒரு மூன்று செல் டார்ச்சு லைட்டையும், அதை மாட்டிவைக்கும் இரும்புக் கொக்கியையும் பரிசாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு விளையாட்டு, வாங்கியவருக்கு வேதம். கூடத்துத் தூணில் கொக்கியை அறைந்து, டார்ச்சை மாட்டி, குறுக்கே நூல் கட்டி, நூலின் முடிச்சில் அரக்கு முத்திரையும் வைத்தார். விமானத்தில் அப்படித்தான் வழக்கம். நூல் அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாசப் பிறப்பன்று தர்ப்பணம் ஆனதும் அடுத்த காரியம் டார்ச்சு லைட். முத்திரையை உடைப்பார். செல்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக முகர்வார். அடியில் வெள்ளை பூத்திருக்கிறதா, மேல்காகிதம் ஈரம் கண்டிருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பார்ப்பார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, மறுபடி செல்களைப் போட்டு, பொத்தானைத் தள்ளி, ஒளியைத் தம் உள்ளங்கையில் அடித்துக்கொண்டு நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். “ஓய்வெடுத்த செல் முதல்ல பளிச்சுன்னுதான் எரியும். அதை நம்பப்படாது. எரியவிட்டுப் பார்க்கணும். வெள்ளையாவே நின்னா பாஸ். மஞ்சள் தட்டினா ரிஜெக்ட்” என்று மனைவி ஜகதாம்பாளுக்குப் பாடம் வேறு. செல்லின் உயிரில் பாதி இந்த வைத்தியப் பரிசோதனையிலேயே போய்விடும் என்பது அந்த அம்மாளின் அபிப்பிராயம்.

அந்தத் தெருவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ஜகதாம்பாள் இருட்டில் தவளையை மிதித்துக்கொண்டு நடமாடுவாள்.

“கொல்லைப்பக்கம் போறச்சே அதைக் கொஞ்சம் குடுங்கோளேன்.”

“இது எமர்ஜென்ஸி டார்ச். கொல்லைக்குப் போறது எமர்ஜென்ஸியா?”

“சில நாள் அப்படித்தான்.”

இந்த வாதம் எடுபடவில்லை. திருடன் வந்தபோது எடுத்திருக்கலாமே என்பீர்கள். திருடன் எதிர்வீட்டுக்கு வந்தான். எதிர்வீட்டு எமர்ஜென்ஸிக்கு இவர் டார்ச்சு எப்படிப் பொறுப்பாகும்?

இப்படியிருக்கையில் ஓர் ஐப்பசி மாதம், விளக்கு வைக்கிற நேரம், நல்ல மழைக்காற்று. வாசலில் செங்கேணி சொட்டச் சொட்ட நின்றான். ஏரிக்குக் கீழே கூலி வேலை செய்கிறவன். அவனுக்கென்று இருந்த ஆஸ்தி ஒரு சினைப்பசு. இனிமேல் அதன் பாலை விற்றுத்தான் அவன் மனைவி அம்முலு அடுப்பு மூட்டவேண்டும் என்ற நிலைமை.

“சாமி, மாடு கன்னு போட முடியாம தவிச்சிகினு கீது. கன்னு காலு உள்ளே மடங்கிக்கினு கீதாம். வேதகிரிதான் பார்த்துக்கினு கீறாரு. அரிக்கேன் காத்துல அணைஞ்சி அணைஞ்சி போவுது, வைக்கோலு பக்கம் வெக்கவும் பயமா கீது. அந்த டார்ச்சு லைட்டு கொஞ்சம் குடு சாமி. இன்னும் கொஞ்ச நாழி போனா ரெண்டும் போயிடும்னு சொல்றாரு.”

வேதகிரி திருப்புலிவனத்து மாட்டு வைத்தியர். சும்மா பயமுறுத்துகிற ஆள் இல்லை. சுந்தரவரதன் எழுந்தார். இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தார்? இரண்டு உயிர், இருட்டு, காற்று. சந்தேகமே இல்லாத எமர்ஜென்ஸி. செங்கேணி கையெடுத்துக் கும்பிட்டான். ஜகதாம்பாளுக்கே புருஷன் மேல் ஒரு மதிப்பு வந்தது.

சுந்தரவரதன் முத்திரையை உடைத்தார். செல்களை வெளியே எடுத்தார். முதல் செல்லை முகர்ந்தார்.

“ஏன்னா, அங்கே மாடு துடிக்கறது.”

“சோதிக்காம வெளியே அனுப்பினா நான் என்னத்துக்கு இருக்கேன்?”

இரண்டாவதை முகர்ந்தார். மூன்றாவதை அகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங்கை அமுக்கினார். பொத்தானைத் தள்ளினார். பளிச்சென்று எரிந்தது. செங்கேணி கையை நீட்டினான். சுந்தரவரதன் ஒளியைத் தம் உள்ளங்கையில் அடித்துக்கொண்டு நின்றார். செங்கேணி அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் தன் மாட்டின் தலையெழுத்து ஓடுவதுபோல அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். வெள்ளை ஒளி மெல்ல மெல்ல மஞ்சள் தட்டியது.

“பாஸ் ஆகலை” என்றார் சுந்தரவரதன், உண்மையான வருத்தத்தோடு.

“எரியுது சாமி.”

“எரியறது வேற, பாஸ் ஆறது வேற. இதை வெளியே அனுப்ப ரூல் இல்லை. காலம்பற புது செல் வாங்கிப் போட்டு, சோதிச்சு, முத்திரை வெச்சுடறேன். அப்புறம் எப்போ வேணும்னாலும் வா.”

“மாட்டுக்கு அது தெரியாது சாமி.”

சுந்தரவரதன் இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் கையிலிருந்த டார்ச்சு எரிந்தபடியே வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜகதாம்பாள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்குக் கீழே செங்கேணியின் கொட்டகையைப் பார்க்க நடந்துவிட்டாள். அந்தத் தெருப் பெண்மணிகள் யாரும் அதுவரை கால் வைக்காத பக்கம் அது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் அவள் முன்னால், செங்கேணி பின்னால். “ஜகதா, அது ரிஜெக்ட் ஆன பீஸ்” என்று கத்திக்கொண்டு, வழுக்கி விழாத குறையாக, கடைசியில் நம் தம்பிரான்.

கொட்டகையில் வேதகிரி கையை உள்ளே விட்டபடி வியர்த்துக்கொண்டிருந்தார். அம்முலு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இங்கே அடிங்கம்மா, கையை ஆட்டாதீங்க” என்றார் வேதகிரி. ஜகதாம்பாள் ஆட்டவில்லை. மஞ்சள் சிவப்பாயிற்று. சிவப்பு இன்னும் மங்கிற்று. மடங்கின கால் நேராகி, வேதகிரியும் செங்கேணியும் சேர்ந்து இழுக்க, கன்றுக்குட்டி வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்து தும்மியது. பசு தலையைத் திருப்பி அதை நக்க ஆரம்பித்தது. அம்முலு அழுதாள். அதற்குப் பிறகுதான் டார்ச்சு அணைந்தது.

சுந்தரவரதனும் குனிந்து கன்றின் ஈர நெற்றியைத் தடவிக்கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் நிமிர்ந்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வெளிவந்தது இதுதான்:

“பார்த்தியா, அணைஞ்சு போச்சு. நான் சொன்னது சரியாப் போச்சோ இல்லையோ?”

“சரிதான் சாமி” என்றான் செங்கேணி. “கன்னுக்குட்டிதான் தெரியாத்தனமா முன்னாடி வந்துட்சி.”

அரிக்கேனை வேட்டி மறைவில் பிடித்து, செங்கேணி அவர்களைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டான். ஜகதாம்பாள் முழங்கால் வரை சேறாக முன்னால் நடந்தாள். பின்னால் வந்த சுந்தரவரதனின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் நின்றது. ‘நீ போனதாலே ரெண்டு உயிர் பிழைச்சுது, ஜகதா.’ நல்ல வாக்கியம். உண்மையான வாக்கியமும்கூட. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். வீட்டில், அவள் கால் அலம்பிவிட்டு வரட்டும் என்று நினைத்தார். பிறகு, இதைப்போய் சாதாரண நாளில் சொல்வானேன், தகுந்த சமயத்தில் சொன்னால் எடுப்பாக இருக்குமே என்று தீர்மானித்து, தூங்கிப்போனார். அந்தத் தகுந்த சமயம் தை போய், சித்திரை போய், கன்றுக்குட்டி பால்மறந்து புல் மேய ஆரம்பித்த பிறகும் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் டார்ச்சு லைட் தலைமாட்டிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களோடு குப்பை கொட்டுகிற மனுஷியிடமோ, கூடப் பிறந்தவனிடமோ, நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ என்கிற ஒரு கிழவரிடமோ, நல்ல சமயமாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று பத்திரமாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறீர்களே, அதை இப்போதே எழுந்துபோய்ச் சொல்லிவிடுங்களேன் பார்க்கலாம்.

‘முதலில் இதைப் படித்து முடிக்கலாம்’ என்றுதானே நினைத்தீர்கள்? உட்காருங்கள். சுந்தரவரதனுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.