ராகு காலத்தில் கொட்டிய கெட்டி மேளம்

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. பாதி தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எண்பதுகளில் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்த நான் இரண்டாவது வகை. (சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். பேனா இருக்காது.)

அக்காவுக்கு எங்கள் எஸ்டேட் கோயில் மண்டபத்தில் கல்யாணம். மண்டபம் சிறியது என்பதால் மேளக்காரர்களுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் வாசலில் ஒருவர் துண்டை ஆட்டுவார். அவர்கள் கெட்டி மேளம் கொட்டுவார்கள். எஸ்டேட் தொடங்கிய காலத்திலிருந்து துண்டு ஒருமுறையும் பழுதானதில்லை. எனக்கு அது போதவில்லை. கடையிலிருந்து கம்பியில்லா மைக் ஒன்றைக் கொண்டுவந்து மணவறை வாழைமரத்தில் கட்டினேன். இங்கே பேசுவது கொட்டகையில் வைத்த ரேடியோவில் கேட்கும்.

"பொட்டியில 'கெட்டி மேளம்'னு சத்தம் வந்தா அடிச்சிருங்கண்ணே" என்று தவில்காரரிடம் சொல்லி வைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா நேரம் காலம் பார்ப்பதில் கெடுபிடியானவர். அன்று சனிக்கிழமை, பத்தரை வரை ராகு காலம். "அதுக்கு முந்தி தாலி ஏறுச்சுன்னா பையனக் கூட்டிக்கிட்டு ஜித்ராவுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்" என்று முதல் நாளே அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

பத்தேகாலுக்கு ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அப்போதுதான் பாக்கார் ஆராங் என்ற ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா என்னிடம் வந்தார்.

"என்னடா தம்பி இது, வாழமரத்துல?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கம்பியே இல்ல பெரியப்பா. ஐயரு இங்க 'கெட்டி மேளம்'னு சொன்னா..." என்று விளக்க ஆரம்பித்தேன், மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று.

விளக்கம் முடியும் முன் தவில் முழங்கியது. நான் மைக்கில் வாயை வைத்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டி மேளம் கொட்டுகிறார்கள்? விழவில்லை. எல்லோரும் அட்சதை போட்டார்கள். மேளம் கேட்டால் கட்ட வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்த மாப்பிள்ளை, ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்.

சம்பந்தி எழுந்து நின்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அக்கா வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்லுங்க" என்றார் சம்பந்தி.

அக்கா குனிந்த தலை நிமிராமல், "ஏறுன தாலிய அவுக்க விட மாட்டேன் மாமா" என்றாள்.

ஐயர்தான் வழி கண்டுபிடித்தார். மூன்று முடிச்சும் விழுந்தால்தானே கல்யாணம்? மற்ற இரண்டையும் ராகு காலம் கழித்துப் போடலாம். அதுவரை முதல் முடிச்சு நழுவாமல் மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும் என்றார். சம்பந்தி யோசித்துவிட்டு உட்கார்ந்தார், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல்.

கால் மணி நேரம் அத்தான் அக்காவின் பின்கழுத்தில் கயிற்றைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். "கழுத்து வலிக்குதா?" என்று கேட்டாராம். அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அக்கா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். பத்தரை தாண்டியதும் வாசலில் நின்று துண்டை ஆட்டியவன் நான்.

அதிலிருந்து எங்கள் குடும்பக் கல்யாணங்களில் தாலி கட்டி முடியும்வரை என் வாயில் ஒரு லட்டைத் திணித்து வைப்பது சடங்காகிவிட்டது. என் சொந்த மகள் கல்யாணத்திலும் அத்தான் தட்டோடு வந்து நின்றார்.

"நான் பொண்ணோட அப்பா லா, அத்தான்" என்றேன்.

"அதனாலதான் ரெண்டு" என்றார்.