வெந்நீர் சாரின் கட்டுச்சோறு

திருச்சிராப்பள்ளி ஜில்லா முழுவதிலும் பயம் என்று எவ்வளவு இருந்ததோ, அதில் முக்கால் பங்கை ஒரே மனிதர் வைத்திருந்தார். மீதிக் கால் பங்கைத்தான் நாங்கள் எல்லாரும் பங்கிட்டுக்கொண்டோம்.

ஆபீஸில் அவருக்கு வெந்நீர் சார் என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் தேடிப் பார்த்ததில்லை. ரிக்கார்டு பிரிவில் அவருக்கு எதிர் நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். காலரா காலத்தில் நாங்களும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். அவர் வீட்டில் காய்ச்சியதை ஆபீஸுக்குக் கொண்டுவந்து மறுபடி காய்ச்சுவார். வழியில் அதற்கு என்ன ஆயிற்றோ, யார் கண்டது?

மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அவர் வரவே மாட்டார்.

"மேல அவ்வளவு பெரிய பாறை இருக்குங்க. எப்ப உருளும்னு யாருக்குத் தெரியும்?"

"இத்தனை காலமா உருளலையே சார்?"

"அதாங்க எனக்குப் பயம். உருள வேண்டிய நாள் கிட்ட வந்துக்கிட்டே இருக்கில்ல?"

ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போது காவிரிப் பாலம் வந்ததும் ஜட்காவிலிருந்து இறங்கி விடுவார். பாலத்துக்குப் பாரம் குறையட்டும் என்று கூடவே நடந்து வருவார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "நிம்மதியா ஒரு சாப்பாடு போடணும் சார்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருக்கு ஒரே தங்கை. உப்பிலியபுரத்தில் ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தென்னூரில் வெந்நீர் சார் வீட்டில் காதுகுத்து. தங்கையும் மாப்பிள்ளையும் வண்டியை விட்டு இறங்கி வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர் வந்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எங்கே? கொல்லையில், சாம்பார் அண்டாவுக்குள் பல்லி விழுந்துவிடும் என்று கையில் விசிறியுடன் காவல் நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை ஆள் போய்க் கூப்பிட்டும் அண்டாவை விட்டு அசையவில்லை. மாப்பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வண்டியிலேயே ஏறினார். அத்துடன் போக்குவரத்து நின்றது.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் படித்துறைக்கு வருகிறார்களாம். ஆற்றங்கரைக்கு மட்டும், வீட்டுக்கு இல்லை என்று மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"இந்தத் தடவையும் தவறிட்டா என் தங்கச்சியை இனிமே பார்க்க முடியாது சார். எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு கட்டிக்கிட்டுப் போயிடணும். அவங்க வர்றப்ப எனக்கு 'வாங்க'ன்னு சொல்ற வேலை ஒண்ணுதான் இருக்கணும். நீங்க பட்டியல் போட்டுக் குடுங்க."

பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. நான்கு நாள் முன்னதாகப் புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் மேலே மிதக்க. புளிச்சோறு நன்றாக ஆறிய பிறகுதான் தூக்கில் அடைக்க வேண்டும். தயிர்ச்சோற்றுக்குக் காலையில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச்சோறு என்று எழுதினேன். வெந்நீர் சார் பேனாவைப் பிடுங்கி அதை மூன்று கோடு போட்டு அடித்தார். தேங்காய் ஊசிப்போகுமாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஒத்திகை நடந்தது. காலையில் கட்டிய சோற்றை ஆறு மணி நேரம் வைத்திருந்து எனக்குப் பரிமாறினார்.

"நீங்க சாப்பிடலையா சார்?"

"உங்களுக்கு நல்ல கட்டான உடம்பு. ஏதாவது ஆனாலும் தாங்கும்."

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை நான் இருக்கிறேனா என்று பார்க்க மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவை என் மனைவி, "சங்கு ஊதறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லி அனுப்பறோம், போயிட்டு வாங்க" என்றாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆற்றில் புதுவெள்ளம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அதன் எதிரில் வெந்நீர் சார், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு குடம் வெந்நீருடன் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தூக்குகளைத் துணி போட்டு மூடினார். ஒத்தாசைக்கு நானும் இருந்தேன். விருந்தாளிகள் ஒரு மணிக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கே எல்லாவற்றிலும் ஒவ்வொரு கவளம் தானே சாப்பிட்டுவிட்டார். நான்கு மணி நேரத்தில் தனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மற்றவர்களுக்கு இலை போடலாம் என்று ஏற்பாடு.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. வழியில் எப்படியும் நின்றுவிடும் என்று மாப்பிள்ளை முதல் வண்டியிலேயே ஏறிவிட்டார். அன்று பார்த்து அது எங்கேயும் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு வெந்நீர் சாருக்கு உடம்பு சுடுவதுபோல் தோன்றியது. மடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்து வாயை இறுக மூடிக்கொண்டார். மூன்று நிமிஷம் அசையக் கூடாது. கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். படியின் மேலே மாப்பிள்ளை வந்து நின்றார். பின்னால் தங்கை.

வெந்நீர் சார் பார்த்தார். கண் இரண்டும் பிதுங்கின. வாய் திறக்கவில்லை.

"வாங்க, வாங்க!" என்று நான் எழுந்தேன். அவர் மனைவியும் கூப்பிட்டார். மாப்பிள்ளை எங்களைப் பார்க்கவில்லை.

"பார்த்தியா? ஒம்பது வருஷம் கழிச்சும் உங்க அண்ணனுக்கு வாய் வரலை. வா, போலாம்."

"அண்ணே!" என்றாள் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள்.

"ஏங்க, அதைத் துப்புங்க!" என்று மனைவி கதறினார். என் கையில் கடிகாரம் ஓடியது. ஒன்றே முக்கால் நிமிஷம். மாப்பிள்ளை திரும்பி ஒரு படி ஏறிவிட்டார்.

வெந்நீர் சார் தெர்மாமீட்டரைப் பிடுங்கினார்.

"வாங்க மாப்பிள்ளை! வாங்க! வாம்மா!"

அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். தெர்மாமீட்டர் கை நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. பாதரசம் முத்து முத்தாக உருண்டது. வேறு நாளாக இருந்தால் ஸ்ரீரங்கத்தையே காலி பண்ணச் சொல்லியிருப்பார். அன்று வெறுங்காலுடன் அதைத் தாண்டி ஏறிப் போய் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை உடைந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"உடம்பு சரியில்லையா மச்சான்?"

"தெரியலைங்க. பார்க்கலை."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். தங்கை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பதினொன்றரைக்கே இலை போட்டாயிற்று. எடுத்து வைக்க வேண்டியது, சுட வைக்க வேண்டியது எதுவும் இல்லை. தயிர்ச்சோறு இன்னும் தோயாமல் பால்சோறாகவே இருந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெந்நீர் சார் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பிலியபுரத்தில் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது மாப்பிள்ளை, "தீபாவளிக்கு வீட்டுக்கு வரோம் மச்சான்" என்றார்.

அவர்கள் படியேறி மறையும் வரை வெந்நீர் சார் கும்பிட்டபடி நின்றார். பிறகு என் தோளை இறுகப் பிடித்தார்.

"சார், வீட்டுக்கே வராங்களாம்! நாலு வேளை சாப்பாடு சார்!"

முகம் வெளுத்து, உதடு நடுங்கியது. அவ்வளவு சந்தோஷமான பயத்தை அதற்குப் பிறகு நான் எந்த முகத்திலும் பார்க்கவில்லை.