மூளைக்கட்டிப் பிரசங்கியார்

வாசகரே, நோயாளிகளில் மூன்று வகை உண்டு. நோயை மறைக்கிறவர்கள் முதல் வகை; இவர்களுக்கு நோய் இருந்த சங்கதி அடக்கத்துக்குப் போகும்போதுதான் நமக்குத் தெரியும். நோயைச் சொல்லிச் சொல்லி அழுகிறவர்கள் இரண்டாம் வகை. இவர்கள் நம்மையெல்லாம் அடக்கம் பண்ணிவிட்டுத்தான் போவார்கள். மூன்றாம் வகை கொஞ்சம் அபூர்வம். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி வாயை மூடுமுன் நோட்டீஸ் அடிக்க அச்சுக்கூடத்துக்கு ஓடுகிறவர்கள். குலசேகரத்துக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் உத்தியோகம் பார்த்த ரசலையன் இந்த மூன்றாம் வகைக்கு முதல்தரமான மாதிரி.

1938ஆம் வருஷம் ஜூலை மாதம். ஓயாத தலைவலி, விடிந்தால் வாந்தி, இடது கண்ணில் ஒரு மூட்டம். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், மண்டையைப் படம் பிடித்தார், பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மூளையில் ஒரு கட்டி இருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் மெட்ராஸுக்குப் போய் அறுத்து எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் முதலில் பார்வை போகும், அப்புறம் ஆளே போய்விடும்."

நீங்களும் நானுமாக இருந்தால் அங்கேயே அழுதிருப்போம். ரைட்டர் என்ன கேட்டார் தெரியுமா?

"டாக்டரே, இப்படி ஒரு நோய் உண்டுன்னு ஜனங்களுக்குத் தெரியுமா?"

அன்றோடு ஆரம்பித்தது. 'தலைவலியை அசட்டை செய்யாதீர்!' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் வந்தது. ஞாயிறுதோறும் ஓர் ஊர்க் கிறிஸ்தவச் சபை. ஆராதனை முடிந்து ஜனங்கள் எழுந்திருக்குமுன் இவர் எழுந்துவிடுவார். தம்முடைய மண்டையோட்டுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் குச்சியால் தொட்டுக் காட்டி, அது எப்படி முளைக்கும், எப்படிப் பருக்கும், எந்த நரம்பை எப்படி நெரிக்கும் என்று விவரிப்பார். முன்வரிசைப் பெண்கள் "யேசுவே!" என்று கண்ணைப் பொத்துவார்கள். "எனக்காட்டுச் சொல்லல்ல, கேட்டியளா? நாளைக்கு உங்க தலையிலயும் வரலாம்" என்று முடிப்பார். இந்தக் கடைசி வாக்கியம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், சாகப்போகிறவன் முகம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜனங்கள் நல்லவர்கள். உலையில் அரிசி போடுமுன் தினம் ஒரு பிடி எடுத்து வேதக்கோயிலுக்கென்று பானையில் போட்டு வைப்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். ரைட்டருக்காக இன்னொரு பிடி போட்டார்கள். அந்த அரிசியை விற்றதில் ஒரே மாதத்தில் மெட்ராஸ் பயணத்துக்கும் ஆப்பரேஷனுக்கும் வேண்டியது சேர்ந்துவிட்டது.

சரி, பெட்டியைக் கட்டினார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சங்கம் கட்டினார். திருவிதாங்கூர் மூளைக்கட்டி நிவாரண சங்கம். தலைவர் ரசலையன். காரியதரிசி ரசலையன். அங்கத்தினர் சேர்க்க வேண்டுமே? இன்னொரு கட்டிக்காரனைத் தேடி அலைந்தார். நல்லமிளகு வியாபாரி கோலப்பனைக் கடையில் போய்ப் பிடித்தார்.

"கோலப்பா, தலை வலிக்காவோய்?"

"இல்ல ரைட்டரே."

"ஒருநாளும் வலிச்சதில்லியா?"

"நீரு வந்தா வலிக்கும்."

"பாத்தீரா! அசட்டை பண்ணப்பிடாது ஓய். படம் எடும்."

சும்மா சொல்லக்கூடாது, ரைட்டர் புண்ணியத்தில் அந்த வட்டாரத்தில் எட்டுப் பேர் மூக்குக்கண்ணாடி வாங்கினார்கள். கட்டி மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவி சத்தியபாய் தினம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எப்ப போறிய?"

"பேச்சிப்பாறைக் கூட்டம் முடியட்டும்."

"பொறவு?"

"பத்மநாபபுரத்துல கூப்பிட்டிருக்காங்கல்லா."

"அது முடிஞ்சா?"

"ஏட்டி, ஒரு நாடே உறங்கிக் கெடக்கு. எழுப்பாண்டாமா?"

நாட்டை எழுப்புகிறவர் காலையில் சவரம் செய்யும்போது வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணாடியைப் பார்ப்பார். ஆகஸ்டில் அதில் ஒரு மூக்கும் மீசையும் தெரிந்தன. செப்டம்பரில் மீசை போய்விட்டது. கண்ணாடியில் அழுக்கு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்துவிடுவார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் குவிப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் கூறுகிறவர் வழக்கம்போல் நம் ரைட்டர்தான். கோலப்பன் உட்பட அயல் ஜனங்களும் ஏலம் கேட்க வந்திருந்தார்கள். ரைட்டரின் குரல் கணீரென்று ஒலித்தது. சேவல் போயிற்று, பூசணிக்காய் போயிற்று. அடுத்ததாக ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கைத் தலைக்குமேல் தூக்கி, "நல்ல விளைஞ்ச ஏத்தன் வாழைக்குலை! யாரு கேக்கிய?" என்றார்.

முற்றம் கொல்லென்று சிரித்தது. ரைட்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். வலது கண்ணிலும் மூட்டம் இறங்கியிருந்தது; கிழங்கின் மண் விரலில் ஒட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

சத்தியபாய் சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, புருஷன் கையிலிருந்த கிழங்கை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் தோளைப் பிடித்துச் சபைக்கு நேரே திருப்பி நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு உருப்படி உண்டு. ரைட்டர் ரசலையன். வயசு ஐம்பத்திரண்டு. ஒரு கண்ணு போயாச்சு, மத்தது போவப்போவுது. நாளைக்குக் காலத்த பஸ்ஸுல ஏத்தி, மெட்ராஸுல கொண்டு படுக்க வைக்கது யாரோ, அவங்களுக்கு."

சபைப் போதகரான ஐயர் வேதபுத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான் கொண்டு போறேன்" என்றார் கோலப்பன். "ஒத்தப் பைசா வேண்டாம். வழியில பிரசங்கம் பண்ணப்பிடாது, அவ்வளவுதான்."

"பிரசங்கமும் கேட்டுக்கிட்டு நானும் கூடப் போறேன்" என்றார் சபை உபதேசியார் நேசையன்.

அதற்குமேல் கேட்க யாருக்கும் துணிவில்லை. எல்லாரும் ஏலம் கூறுகிறவர் முகத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? வாய் தானாகத் திறந்தது.

"ஒரு தரம்."

சற்றுப் பொறுத்து, "ரெண்டு தரம்."

அதோடு நின்றுவிட்டார். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேசியவர், அன்று முதல்முதலாகத் தம் நோயைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னார். அதுவும் மனைவிக்கு மட்டும் கேட்கும்படி.

"சத்தியா, எனக்குப் பயமாட்டு இருக்குட்டீ."

"அது எனக்கு ஜூலையிலயே தெரியும்" என்றாள் அவள். கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவில்லை. "எனக்கும் பயந்தான். மூணாந்தரம் சொல்லுங்க."

சொன்னார்.

போனார், மண்டையைத் திறந்தார்கள், கட்டியை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். இடது கண் போனது போனதுதான். ஜூலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னதை மட்டும் ரைட்டர் எந்த நோட்டீஸிலும் அச்சடிக்கவில்லை.

நல்ல வேடிக்கையான மனுஷர், இல்லையா? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போகாமல் இருந்தாராம்! சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வாயை அவ்வளவு அகலத் திறக்கவேண்டாம். அந்த வலது கடைவாய்ப்பல் எனக்குத் தெரிகிறது. ஆமாம், தீபாவளியிலிருந்து வலிக்கிறதே, அதுதான். அதைப் பற்றி ஆபீஸில் சொன்னீர்கள், சம்பந்தி வீட்டில் சொன்னீர்கள், பஸ்ஸில் பக்கத்திலிருந்தவருக்குக் கிராம்புத்தைலம்கூடச் சிபாரிசு செய்தீர்கள்.

எப்ப போறிய?