கடலோர மூன்று குடித்தன வீடு நமக்கு வேண்டாம் என்பது பற்றி

மரக்காணம்,
வியாழக்கிழமை காலை.

இரும்பையில் சீரும் சிறப்புமாக வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி சுப்ராயன் அவர்களுக்கு, மரக்காணம் முருகையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அமராவதியும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும், புதிதாகக் கன்று போட்ட பசுவும் நலமென்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் வீட்டில் போன் பேசுவதும் ஊர்க்கூட்டத்தில் பேசுவதும் ஒன்றுதான். இது அமராவதி காதில் விழக் கூடாத விஷயம்.

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு மூன்று குடித்தன வீடு விலைக்கு வந்திருப்பதை என் மகன் ஜெயப்பிரகாஷும் உங்கள் மகள் சந்தியாவும் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நடு வீட்டில் அவர்கள், மேலும் கீழும் நாமிருவரும். இரண்டு சம்பந்திகளும் குடிவரச் சம்மதித்தால்தான் வாங்குவார்களாம், இல்லையென்றால் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தி, வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். நான் மட்டும் சொன்னால் நான் கெட்டவனாகிவிடுவேன். நீங்களும் சேர்ந்து சொன்னால் கெட்ட பெயரை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் ஆரோவில்லில் வேலை பார்த்தவர், உருண்டை வீடு, மரத்தின் மேல் வீடு எல்லாம் பார்த்துப் பழகியவர். நான் உப்பளத்து மேஸ்திரி. எங்கள் பக்கம் உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் உப்புக் குவியல்தான். அந்த வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததில் தோள் துண்டு விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தால் தரையில் என் முகம் தெரிகிறது. அதை மிதிக்க மனம் வராமல் சுவர் ஓரமாகவே நடந்தேன். குளியலறை மட்டும் நம்மூர் ரேஷன் கடை அளவு. கதவைத் திறந்ததும் தானாக விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று பயந்து, "மன்னிச்சிக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். பையன் சிரித்த சிரிப்பு நடு வீடு வரைக்கும் கேட்டது.

அப்புறம் மேல் வீட்டுப் பால்கனிக்குக் கூட்டிப் போனான். சம்பந்தி, பிறந்ததிலிருந்து கடல் பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆனால் நான் பார்த்ததெல்லாம் அதன் ஓரத்தைத்தான். வாய்க்காலில் வந்து பாத்தியில் கணுக்கால் அளவு நிற்கும் தண்ணீரோடு என் ஆயுசு போய்விட்டது. மேலே நின்று பார்த்தால் கடல் முழுசாக இருக்கிறது! இத்தனையிலிருந்தா நாம் ஒரு கை அள்ளிக் காயவைத்தோம் என்று வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண் கலங்கிவிட்டது. காற்றில் தூசி என்று பையனிடம் சமாளித்தேன். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்தால் மனிதன் ஒரு வேலையும் செய்யமாட்டான், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

இதற்குள் அமராவதி ஒரு காரியம் செய்துவிட்டாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை கல்லுப்பு கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்கார அம்மா வைஜெயந்தி, ரிட்டையரான தலைமை ஆசிரியை, மகளோடு இருக்கப் பெங்களூரு போகிறவர், அன்பாகக் கையை நீட்டினார். இவள் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "உப்ப கையில குடுக்கக் கூடாதுங்கம்மா, சண்ட வந்துடும். எங்கனா வெச்சிடுறேன்" என்று விடுவிடுவென்று காலியாகக் கிடந்த மேல் வீட்டுச் சமையலறைக்குள் போய், மேடை நடுவில் வைத்துவிட்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து, வீடு பார்க்க இன்னொரு குடும்பம் படியேறி வந்தது. புது வீட்டுக்குள் முதலில் போவது உப்புதான் என்று யாருக்குத் தெரியாது? அந்தப் பெண்மணி சமையலறையை எட்டிப் பார்த்தார். "என்னங்க, உப்பு வெச்சிட்டாங்க. வேற யாரோ குடி வந்துட்டாங்க, வாங்க போலாம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஜெயப்பிரகாஷ் தெருமுனை வரை ஓடியும் அவர்கள் நிற்கவில்லை.

வந்த கிராக்கியைத் துரத்திவிட்டோமே, வைஜெயந்தி அம்மா இப்போது பிரம்பை எடுப்பார் என்று நடுங்கினேன். அவரோ மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க மாமியாரும் இதே எடத்துலதான் வெச்சாங்க. ஞாயித்துக்கெழம வரிக்கும் வேற யாருக்கும் இந்த வீட்ட காட்ட மாட்டேன்" என்றார்.

"ஐயோ, அது சும்மா மரியாதைக்குக் கொண்டாந்ததுங்கம்மா" என்றேன்.

"நீங்க சும்மா கொண்டாந்தீங்க. அது சும்மா வர்ல."

தலைமை ஆசிரியையிடம் எதிர்த்துப் பேச எனக்கு எப்போதுமே வராது. பையைத் திரும்ப எடுடி என்றால் அமராவதி, "வெச்சத எடுத்தா அந்தம்மாவுக்கு ஆவாது" என்கிறாள். பஸ்ஸில் வரும்போது எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று பேசத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

நீங்களே சொல்லுங்கள், அந்த வீட்டில் நான் கைலியை எங்கே காயப்போடுவேன்? நாம் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் எதிரும் புதிருமாகப் போய்வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை வணக்கம் சொல்வது? விசேஷத்துக்கு விசேஷம் மட்டும் பார்த்துக்கொள்வதால்தான் நமக்குள் இவ்வளவு மரியாதை நிற்கிறது. ஆகவே ஞாயிறு காலை முதலில் நீங்கள் சந்தியாவிடம், பசுவை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதன்பிறகு நான், சம்பந்தி இல்லாத வீடு எனக்கு எதற்கு என்று தொண்டை கம்மச் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். இரும்பைச் சிவன் உங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்காமல் காக்கட்டும்.

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
முருகையன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது சந்தியா போன் செய்தாள். நீங்கள் எங்களுக்கு முன்பே வீட்டைப் பார்த்து, அப்போதே சரி சொல்லிவிட்டீர்களாம். அதுகூடப் பரவாயில்லை. முருகையனுக்குத் தரைதான் பழக்கம் என்று கீழ் வீட்டை எனக்கு ஒதுக்கி, மேல் வீட்டை நீங்கள் கேட்டீர்களாமே! இந்தப் பி.கு.வுக்கு மேலே எழுதியிருக்கிற எதையும் படிக்க வேண்டாம். ஜெயப்பிரகாஷிடம் இப்போதுதான் சம்மதம் சொன்னேன், மேல் வீடு எனக்கு என்றும் சொல்லிவிட்டேன். நீங்கள் எந்த நேரத்திலும் படியேறி வரலாம். பால்கனியில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பேன்.